மாலத்தீவுக்கு முதல்முறை ஜோடியாகப் போகிறவர்களுக்கு: எதை முதலில் புக் செய்வது, பணம் எங்கே கசியும்

மாலத்தீவுக்கு விசா தலைவலி கிடையாது. விமானத்தில் ஏறினால் சீக்கிரமே இறங்கிவிடலாம். அப்படியிருந்தும் திட்டம் போட உட்கார்ந்தபோது எங்களுக்கு வாரக்கணக்கில் மண்டை காய்ந்தது. விமான நிலையம் இருப்பது ஒரு தீவு, நாம் தங்கப்போவது வேறொரு தீவு. நடுவில் இருக்கும் கடலைத் தாண்ட ஆகும் செலவும் நேரமும்தான் மொத்தப் பயணத்தையும் தீர்மானிக்கிறது. ஆனால் விளம்பரத்தில் கண்ணில் படுவது அறை வாடகை மட்டும்.

எல்லாரும் செய்வது மலிவான விமான டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் அறை தேடி, கடைசியில் படகு பற்றி யோசிப்பது. அதை அப்படியே தலைகீழாக்குங்கள். தீவு, அதற்குப் போகும் வழி, பிறகு விமானம். கீழே உள்ளதை இந்த வரிசையிலேயே படியுங்கள்.

1. ரிசார்ட் தீவா, ஊர்த் தீவா?

ரிசார்ட் தீவு என்றால் ஒரு முழுத் தீவும் ஒரே விடுதி. சாப்பாடு, படகு, தண்ணீர் பாட்டில் எல்லாமே அவர்களிடம்தான். கடல்மேல் கட்டிய வில்லாக்கள் இருப்பது இங்கேதான்.

ஊர்த் தீவு என்றால் மாலத்தீவு மக்கள் குடியிருக்கும் தீவு. பள்ளிக்கூடம், மசூதி, மளிகைக்கடை எல்லாம் இருக்கும், நடுவில் சின்னச் சின்ன விருந்தினர் விடுதிகள். மாஃபூஷி, துலுஸ்தூ, திஃபுஷி, உகுல்ஹாஸ், திகுரா ஆகியவை அடிக்கடி காதில் விழும் பெயர்கள். செலவு பல மடங்கு குறைவு. கடல் அதே கடல்தான். ஆனால் இங்கே மது கிடையாது. நீச்சல் உடையில் இருக்க 'பிகினி பீச்' என்று தனியாக ஒதுக்கிய கரை உண்டு. அதைத் தாண்டித் தெருவுக்கு வந்தால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

என்னைக் கேட்டால், முதல் சில இரவுகள் ஊர்த் தீவு, கடைசி ஓரிரு இரவுகள் ரிசார்ட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வில்லாவில் இருந்துவிட்டுச் சின்ன அறைக்கு வந்தால் மனம் ஒட்டாது. இரண்டையும் தலைநகர் மாலே பக்கமுள்ள காஃபு அட்டோலுக்குள்ளேயே (அட்டோல் என்றால் வளையமாக அமைந்த தீவுக்கூட்டம்) எடுங்கள். பெரும்பாலும் ரிசார்ட் படகு விமான நிலையத்திலிருந்துதான் கிளம்பும் என்பதால், ஊர்த் தீவிலிருந்து முதலில் அங்கே திரும்பி வரவேண்டியிருக்கும். வெவ்வேறு அட்டோல்களில் எடுத்தால் ஒரு முழுப் பகல் படகிலேயே போய்விடும்.

கடல்மேல் வில்லாதான் வேண்டும் என்றால் எல்லா இரவுக்கும் எடுக்க வேண்டியதில்லை. பல ரிசார்ட்டுகள் பாதி நாள் கடற்கரை வில்லா, பாதி நாள் கடல் வில்லா என்று பிரித்துத் தருகிறார்கள். அப்படி எடுத்தால், காலையில் ஒன்றைக் காலி செய்து மதியம் மற்றொன்று கிடைக்கும்வரை பெட்டிகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டு வையுங்கள். உங்கள் இருவரில் ஒருவருக்கு நீச்சல் தெரியாது என்றால் கடற்கரை வில்லாவே நல்லது. கடல் வில்லாவின் படிக்கட்டு நேராக ஆழத்தில் இறங்குவதும் உண்டு.

2. எந்த மாதம்?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவு, விலை உச்சம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, மழையும் அலையும் கூடும், விலை இறங்கும். நவம்பரும் டிசம்பர் தொடக்கமும் இடைப்பட்ட காலம். தை, மாசி, பங்குனியில் கல்யாணம் செய்தவர்களுக்குப் பருவம் தானாகப் பொருந்திவிடும். வைகாசி, ஆவணி முகூர்த்தக்காரர்கள் மழைக்குத் தயாராகப் போகவேண்டும். அதற்காகப் பயப்பட வேண்டாம். பல நாட்களில் மழை கொட்டிவிட்டு வெயில் வந்துவிடும்.

இரண்டு காலங்களில் மட்டும் கவனம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் பல ரிசார்ட்டுகள் 'காலா டின்னர்' என்று ஒரு விருந்துக் கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிக்கின்றன. நீங்கள் அந்த விருந்துக்குப் போகாவிட்டாலும் கட்டணம் உண்டு. அறை வாடகையில் அது தெரியாது, நிபந்தனைகளின் அடியில் ஒரு வரியாக இருக்கும். அடுத்தது ரமலான். இப்போது சில வருடங்களாக அது நல்ல சீசனுக்குள்ளேயே விழுகிறது. ரிசார்ட்டில் வித்தியாசம் தெரியாது. ஊர்த் தீவில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும், விடுதியிலேயே சாப்பாடு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. கடலைத் தாண்டும் வழி

முழுக் கட்டுரையையும் படிக்க நேரமில்லை என்றால் இந்தப் பகுதியையும் அடுத்ததையும் மட்டுமாவது படியுங்கள்.

தொலைவிலுள்ள ரிசார்ட்டுகளுக்கு கடல் விமானம். இது தண்ணீரில் இறங்கும் சிறு விமானம், பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் மாலேயில் மாலை மூன்றரை மணிக்குப் பிறகு இறங்கினால் அன்றைக்குக் கடல் விமானம் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரவை மாலேயிலோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயிலோ கழிக்க வேண்டும். ரிசார்ட்டில் முதல் இரவுக்குக் கட்டிய பணம் திரும்ப வராது. ஆக, ராத்திரி விமானத்தில் மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாய், ஒரு வில்லா இரவின் வாடகையாகப் போகும்.

கடல் விமானக் கட்டணம் ஒருவருக்குப் போகவர சில நூறு டாலர்கள். 300 முதல் 600 வரை சாதாரணம். எடை வரம்பும் உண்டு. பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ என்பது வழக்கம், மேற்பட்டால் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். நேரம் முந்தைய நாள் மாலையில்தான் உறுதியாகும், 'எத்தனை மணிக்கு' என்று முன்கூட்டிக் கேட்டால் பதில் வராது.

பக்கத்துத் தீவுகளுக்கு ஸ்பீட் போட். ரிசார்ட் படகு என்றால் ராத்திரியும் வரும். ஊர்த் தீவுகளுக்குப் பலர் சேர்ந்து போகும் படகுகள் குறிப்பிட்ட நேரங்களில் ஓடும். மாஃபூஷிக்கு முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். இதைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் அரசுப் பயணிகள் படகு உண்டு. நேரம் அதிகம் பிடிக்கும், பல தடங்களில் வெள்ளிக்கிழமை ஓடாது. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளியன்று போய் இறங்குகிறவர்கள் ஸ்பீட் போட் நேரத்தையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஸ்பீட் போட்டில் பின்பக்கம் உட்காருங்கள். முன்பக்கம் ஒவ்வொரு அலைக்கும் தூக்கிப்போடும். வாந்தி வரும் என்று தெரிந்தால் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், படகில் ஏறியபின் போட்டுப் பலனில்லை.

அறைக்குப் பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நாங்கள் கேட்டவை இவை:

- எங்கள் விமானம் இத்தனை மணிக்கு இறங்குகிறது, அன்றே வந்து சேர முடியுமா?
- இருவருக்கும் போகவர, வரிகள் சேர்த்து, போக்குவரத்துக்கு எவ்வளவு?
- விமானம் தாமதமானால் அடுத்த படகு எப்போது, அதற்குத் தனிக் கட்டணமா?
- திரும்பும் நாள் எங்கள் விமானத்துக்கு எவ்வளவு முன்னால் கொண்டுவந்து விடுவீர்கள்?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னதை நம்பி அட்வான்ஸ் கட்ட வேண்டாம். எங்களுக்கு ஒரு டூர் ஏஜென்சி கொடுத்த கொட்டேஷனில் 'டிரான்ஸ்ஃபர் உண்டு' என்று போட்டிருந்தார்கள். பலமுறை துருவிக் கேட்டபின்தான், அது விமான நிலையத்திலிருந்து மாலே நகர ஓட்டலுக்கான கார் என்று தெரிந்தது. தீவுக்குப் போகும் படகு அதில் இல்லை.

4. 'ப்ளஸ் ப்ளஸ்' என்றால் எவ்வளவு?

விலைக்குப் பக்கத்தில் ++ என்று இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். சேவைக் கட்டணம் வழக்கமாக 10 சதவீதம். அதையும் சேர்த்த தொகையின் மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி. ஜூலை 2025 முதல் இது 17 சதவீதம். இவை போக, பசுமை வரி என்று ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு. ரிசார்ட்டிலும் பெரிய ஓட்டல்களிலும் 12 டாலர், ஊர்த் தீவில் 50 அறைக்கு மேற்படாத விடுதிகளில் 6 டாலர். இந்த விகிதம் 2025 ஜனவரியில் வந்தது. பழைய பதிவுகளில் இதில் பாதிதான் இருக்கும், அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஊர்த் தீவில் 60 டாலர் ++ என்று ஓர் அறை. சேவைக் கட்டணம் சேர்த்து 66. அதில் 17 சதவீதம் சேர்த்து 77.22. இருவருக்கும் பசுமை வரி 12. ஆக ஓர் இரவுக்கு 89.22 டாலர். விளம்பரத்தில் பார்த்ததைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

ரிசார்ட்டில் 300 டாலர் ++ என்று நான்கு இரவுகள். ஓர் இரவுக்கு 330, பிறகு 386.10, பசுமை வரி 24 சேர்த்து 410.10. நான்கு இரவுக்கு 1,640.40. ஆளுக்கு 400 டாலர் கடல் விமானம் என்றால் அதற்கு 800. மொத்தம் 2,440.40. நீங்கள் மனதில் வைத்திருந்தது 1,200. விமான டிக்கெட்டும், திட்டத்தில் சேராத சாப்பாடும் இன்னும் இதில் வரவில்லை.

சில புக்கிங் தளங்கள் எல்லா வரியையும் சேர்த்தே காட்டும். சிலவற்றில் பசுமை வரி மட்டும் 'விடுதியில் செலுத்த வேண்டும்' என்று அடியில் இருக்கும். கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். பட்டியலில் மலிவாகத் தெரிந்தது அங்கே விலையுயர்ந்ததாக மாறுவதுண்டு.

சாப்பாடு: ரிசார்ட்டில் வெளியே போய்ச் சாப்பிட வழியே இல்லை. காலை உணவு மட்டும் என்று எடுத்தால் மற்ற ஒவ்வொரு வேளையும் மெனு விலையோடு அதே ++ சேரும். மூன்று வேளையும் சேர்ந்த திட்டத்தில்கூடக் குடிக்கும் எதுவும் சேராமல் இருக்கலாம், சில இடங்களில் தண்ணீர் பாட்டிலும். மது அருந்தாத ஜோடிக்கு 'எல்லாம் சேர்ந்த' திட்டம் பெரும்பாலும் வீண்செலவு, மூன்று வேளைத் திட்டமே போதும். ஊர்த் தீவில் காலை உணவு மட்டும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிச் சாப்பிடுங்கள்.

சைவ உணவுக்காரர்கள் 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் 'மீனும் வேண்டாம்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் மாசிக் கருவாட்டின் தாயகம் இது. காலையில் ரொட்டியோடு வைக்கும் மஸ் ஹுனி, பார்வைக்குத் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பச்சைமிளகாயும் பிசைந்ததுபோல் இருக்கும். உள்ளே சூரை மீன் உதிர்த்துப் போட்டிருக்கும்.

5. இப்போது விமான டிக்கெட், அதில் பெயர்

தீவும் படகு நேரமும் கையில் வந்தபின் டிக்கெட் போடுங்கள். தமிழர்களாகிய நமக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, இனிஷியல்.

டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆதாரில் உள்ளபடி அல்ல, கல்யாணப் பத்திரிகையில் உள்ளபடியும் அல்ல. பாஸ்போர்ட்டின் 'சர்நேம்' கட்டத்தில் மனைவியின் அப்பா பெயர் இருக்கும். புக்கிங் செய்யும் கணவர் ஆசையாகத் தன் பெயரைப் பின்னால் போட்டுவிடுவார். சர்வதேச விமானத்தில் இதைச் சும்மா விடமாட்டார்கள், திருத்தக் கட்டணம் கேட்பார்கள். சில நிறுவனங்கள் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லும்.

சர்நேம் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டும் நம்மிடையே அதிகம். புக்கிங் தளம் கடைசிப் பெயர் இல்லாமல் மேலே நகராது. இதற்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு வழி சொல்கிறது. சில, அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டு, அவர்கள் சொன்னபடி செய்யுங்கள். இருவருக்கும் ஒரே புக்கிங்காகப் போடுங்கள்.

கணவர் பெயரைப் பாஸ்போர்ட்டில் சேர்த்தால்தான் ஜோடியாகப் போக முடியும் என்று சொல்கிறவர்கள் உண்டு. தேவையே இல்லை. திருமணத்துக்கு முந்தைய பாஸ்போர்ட் செல்லுபடியாக இருந்தால் அதிலேயே போய்வரலாம். பாஸ்போர்ட்டே இல்லை என்றால் 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. போலீஸ் விசாரணை எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. கல்யாண வேலைகளுக்கு நடுவே வீடு மாறுகிறவர்கள், விசாரணைக்கு வரும்போது எந்த முகவரியில் இருப்போம் என்று யோசித்து விண்ணப்பியுங்கள்.

6. ஆவணங்களும் இமுகாவும்

சுற்றுலா விசா இறங்கியவுடன் இலவசமாகக் கிடைக்கும். கேட்பவை: பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், தங்கும் இரவுகளுக்கெல்லாம் உறுதியான அறை புக்கிங். மாலத்தீவு விதிப்படி பாஸ்போர்ட்டில் ஒரு மாத ஆயுள் இருந்தால் போதும். ஆனாலும் செக்-இன் கவுண்டரில் வாக்குவாதம் வேண்டாமென்றால் ஆறு மாதம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஊர்த் தீவும் ரிசார்ட்டுமாகப் பிரித்துத் தங்கினால் இரண்டு புக்கிங்கையும் அச்செடுத்து வையுங்கள், நடுவில் ஓர் இரவு விட்டுப்போனால் கேள்வி வரும்.

அடுத்தது இமுகா என்ற பயணி அறிவிப்புப் படிவம். விமானம் ஏறுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், அதற்கு முன்னால் முடியாது. ஆளுக்கு ஒன்று. போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. பாஸ்போர்ட் விவரம், முகப் புகைப்படம், விமான எண், விடுதி பெயர் கேட்கும். முடித்ததும் வரும் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இருவர் போனிலும் வையுங்கள்.

இதற்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. தேடலில் மேலே வரும் விளம்பரத் தளங்கள் டாலரில் கட்டணம் கேட்கும், அசல் அரசுத் தளம் போலவே இருக்கும். பணம் கேட்டாலே மூடிவிடுங்கள். அசல் தளம் மாலத்தீவுக் குடிவரவுத் துறையுடையது, முகவரி 'டாட் ஜிஓவி டாட் எம்வி' என்று முடியும்.

7. பணம்

அமெரிக்க டாலர் எங்கும் செல்லும். ஐந்து, பத்து டாலர் நோட்டுகளாக வாங்கிப் போங்கள். ஊர்த் தீவில் நூறு டாலரை நீட்டினால் மீதி உள்ளூர் ருஃபியாவில் வரும். டாலருக்கு 15.42 ருஃபியா என்பது அதிகாரபூர்வ விகிதம், கடைகளில் 15 என்று கணக்குப் போடுவதும் உண்டு.

ரிசார்ட்டில் எல்லாம் அறைக் கணக்கில் ஏறும், காலி செய்யும்போது அட்டையில் கட்டலாம். அட்டைக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வையுங்கள். செக்-இன் சமயத்தில் அட்டையில் ஒரு தொகையைப் பிடித்து நிறுத்தி வைப்பார்கள், அது விடுபடச் சில நாட்களாகும். வரம்பு குறைந்த அட்டை ஒன்றே ஒன்றை நம்பிப் போகாதீர்கள்.

இந்தியாவில் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். என்று ஒரு வரியும் பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, பணம் கட்டும் நாளில் எவ்வளவு என்று கேளுங்கள். அது யாருடைய பான் எண்ணில் பிடிக்கப்படுகிறதோ அவருடைய வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே, கணக்குத் தாக்கல் செய்கிறவரின் பான் எண்ணைக் கொடுங்கள்.

8. கல்யாணச் சான்றிதழ்

உள்ளே விட இதை யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் புதுமணத் தம்பதிக்கென்று பல ரிசார்ட்டுகள் தரும் சலுகைகள், அதாவது ஒருநாள் இரவு விருந்து, அறை அலங்காரம், சில இடங்களில் மேம்பட்ட அறை, இவை வேண்டுமென்றால் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். திருமணமாகி ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்துக்குள் என்று வரம்பும் வைப்பார்கள். பத்திரிகையும் ஆல்பமும் அங்கே செல்லாது. தமிழ்நாட்டில் திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். எப்படியும் செய்யவேண்டிய வேலை, பயணத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். சலுகையை அறை புக் செய்யும்போதே எழுத்தில் கேட்க வேண்டும், போய் இறங்கியபின் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

9. பெட்டியில் வைக்கக்கூடாதவை

மது, பன்றி இறைச்சிப் பொருட்கள், இ-சிகரெட், வழிபாட்டுச் சிலைகள். இந்திய விமான நிலையத்து டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலும் சேர்த்துத்தான். பெட்டிக்குள் வழித்துணையாக வைக்கும் சின்னப் பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தூக்க மாத்திரை, கடும் வலி நிவாரணி போன்றவற்றுக்கு மருத்துவர் சீட்டு கூடவே இருக்கட்டும்.

வைக்க வேண்டியவை: சதுரக் கால் மூன்று கொண்ட பிளக்குக்கு அடாப்டர், பவளத் துண்டுகள் குத்தாமலிருக்க ரப்பர் செருப்பு, முழுக்கை நீச்சல் சட்டை. முகம் கீழே பார்த்தபடி நீரில் மிதக்கும்போது முதுகு வெந்துபோவதே தெரியாது.

10. கடலில்

நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே வேண்டாம், ஆழம் இடுப்பளவுதான் என்றாலும். பவளத்திட்டின் விளிம்பு சட்டென்று பள்ளமாக இறங்கும், அங்கே நீரோட்டமும் உண்டு. ஸ்நார்க்கலிங் (மாஸ்க் போட்டு மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) போனால் இருவரும் கை நீட்டும் தூரத்திலேயே இருங்கள். மாஸ்க்கைப் போட்டு மூக்கால் மூச்சிழுத்துப் பாருங்கள், முகத்தோடு ஒட்டிக்கொண்டால் சரி. ஒட்டாத மாஸ்க்கில் தண்ணீர் ஏறினால் புதியவர்கள் பதறிவிடுவார்கள். இதைக் கரையிலேயே செய்து பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கும் டைவ்) செய்வதாக இருந்தால் முதல் நாட்களில் முடித்துவிடுங்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரம் விட வேண்டும், கடல் விமானத்துக்கும் இது பொருந்தும். ஆஸ்துமா, இதய நோய், சமீபத்திய அறுவை சிகிச்சை இருந்தால் மருத்துவப் படிவத்தில் மறைக்காதீர்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே ஸ்கூபா வேண்டாம்.

11. திரும்பும் நாள்

மாலத்தீவு நேரம் இந்திய நேரத்துக்கு அரை மணி பின்னால். சில ரிசார்ட்டுகள் பகல் வெளிச்சத்துக்காகத் தங்கள் தீவுக்கென்று மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னால் கடிகாரம் வைத்திருக்கும். படகு நேரத்தைச் சொல்லும்போது 'தீவு நேரமா, மாலே நேரமா' என்று கேளுங்கள்.

அறைக் கணக்கை முந்தைய இரவே வாங்கி வரிவரியாகப் பாருங்கள், காலையில் வரிசையில் நின்று சரிபார்க்க நேரமிருக்காது. புறப்பாட்டுக்கான இமுகாவையும் அந்த இரவே நிரப்பிவிடலாம். கரையில் பொறுக்கிய பவளத் துண்டு, சங்கு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது, ஸ்கேனரில் பிடிப்பார்கள். புறப்பாட்டு வரி டிக்கெட் விலையிலேயே அடங்கிவிட்டது. அதற்கென்று விமான நிலையத்தில் தனியாகப் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.